122 குதிரைகளும் எங்கள் வீட்டுக் கழுக்கோலும்

போன மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. வெளியே மூன்று டிகிரி குளிர். கென்ட்டில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டின் அடுக்களையில் நின்று காப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். நாகர்கோவிலிலிருந்து அக்கா போன்.

"லே தம்பி, மரத்துக்கு ஆளு வந்துருக்கு. கழுக்கோலு, உத்தரம், மச்சு, கதவு, நெலை எல்லாத்துக்கும் சேத்து ஒரு வெல சொல்லுகான். நீ என்ன சொல்லுக?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம்.

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டைப் பற்றிய பேச்சு இது. அம்மா போன பிறகு அங்கே யாரும் இல்லை. அண்ணன் மஸ்கட்டில், நான் இங்கே, அக்கா நாகர்கோவிலில். தெற்குப் பக்கக் கூரை ஒரு இடத்தில் தொங்கிவிட்டது. இடவப்பாதி மழைக்கு முன்னால் ஏதாவது முடிவு எடுக்க வேண்டும். விற்பதா, வைப்பதா?

"ஒரு வாரம் டயம் குடு அக்கா" என்று போனை வைத்துவிட்டேன். அன்று மதியம் ஏற்கெனவே போட்ட திட்டப்படி குடும்பத்தோடு இக்தம் மோட் என்ற பழைய வீட்டைப் பார்க்கப் போனோம். அங்கே போன இடத்தில் எனக்குத் திருவனந்தபுரம் ஞாபகம் வந்தது. அதுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்னோபார்க் காலத்துக் குதிரைகள்

1997லிருந்து 2001 வரை திருவனந்தபுரத்தில், டெக்னோபார்க்கில் வேலை. தம்பானூர் பக்கம் நான்கு பேர் சேர்ந்து ஓர் அறை. ஜனவரி மாதம் சாயங்காலங்களில் வேலை சீக்கிரம் முடிந்தால் கிழக்கேக்கோட்டைக்கு பஸ் ஏறிவிடுவோம். பத்மநாபசுவாமி கோவிலுக்குத் தென்கிழக்கே குதிரை மாளிகை. அதன் முற்றத்தில் சுவாதித் திருநாள் சங்கீத உற்சவம் நடக்கும். காசு வேண்டாம், போய் உட்காரலாம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது கல்யாணிக்கும் காம்போதிக்கும் வித்தியாசம் தெரியாது (இப்போதும் சந்தேகம்தான்). நான் அண்ணாந்து கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மாடியின் இறவாரத்தைத் தாங்குவதுபோல் வரிசையாக மரக்குதிரைகள். மொத்தம் 122. முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிற குதிரைகள். புத்தன் மாளிகை என்ற பெயரை ஜனங்கள் மறந்து குதிரை மாளிகை என்றே சொல்வதற்கு இவைதான் காரணம்.

இதைக் கட்டியவர் சுவாதித் திருநாள் ராமவர்மா. 1813ல் பிறந்து, 1829ல் முழு ஆட்சிப் பொறுப்பேற்று, 1846 டிசம்பரில் 33 வயதில் இறந்துபோனவர். தஞ்சாவூர் நால்வரில் ஒருவரான வடிவேலு அவருடைய அவையில் இருந்தார். 1840ல் ரெசிடென்டாக வந்த ஜெனரல் கல்லன் நிர்வாகத்தில் தலையிட்டுக்கொண்டே இருந்தார். ராஜா மெல்ல மெல்ல பாட்டுக்கும் தனிமைக்கும் ஒதுங்கினார். அந்தக் கடைசி வருடங்களில் எழுந்த வீடு இது. அதில் அவர் நிம்மதியாக இருந்தது கொஞ்ச காலம்தான். அவருக்குப் பிறகு மாளிகை பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. 1990களில் ஒரு பகுதியை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். யானைத் தந்தச் சிம்மாசனம், பளிங்குச் சிம்மாசனம் எல்லாம் உள்ளே இருக்கின்றன. எல்லோரும் அதைப் பார்க்கத்தான் முண்டியடிப்பார்கள். தலைக்கு மேல் இருக்கும் மச்சைப் பார்க்கிறவர்கள் குறைவு.

நூறு வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் ஆளில்லாமல் கிடந்த மரவீடு, வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில், எப்படி நின்றது? அப்போது எனக்கு இந்தக் கேள்வியே தோன்றவில்லை. இப்போதுதான் தோன்றுகிறது, அதுவும் நம் வீட்டுக் கூரை தொங்கிய பிறகு!

மூத்த வீடு தக்கலையில்

குதிரை மாளிகைக்கு ஒரு மூத்த வீடு உண்டு. சுமார் 55 கிலோமீட்டர் தெற்கே, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. அதன் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் அரண்மனை வேலை தொடங்கியது என்பார்கள். அந்த இடத்தின் அன்றைய பெயர் கல்குளம். மார்த்தாண்ட வர்மா (ஆட்சிக்காலம் 1729 முதல் 1758 வரை) கோட்டையையும் அரண்மனையையும் புதுக்கிப் பெரிதாக்கினார். 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தவர் அவர்தான். 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டுத் தன்னைத் தாசன் என்று சொல்லிக்கொண்டார். ஊரின் பெயரும் பத்மநாபபுரம் ஆயிற்று. 1795ல் தர்மராஜா காலத்தில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது.

தலைநகரம் போனாலும் தொடர்பு அறவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் வைத்து உடைவாளைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். இரண்டு மாநிலத்துப் போலீஸும் நின்று மரியாதை செய்யும். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன்.

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மண் இங்கே வந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் கையில் நின்றது. இன்றும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அதன் பெயர் ஏறியது. தமிழ்நாட்டு மண்ணில் கேரளத்தின் வீடு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் விசித்திரம் ஒன்றும் தெரியாது. எங்கள் பாஷையே அப்படித்தானே.

கழுக்கோல் கணக்கு

ஐரோப்பாவின் இடைக்கால மரச்சட்ட வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. அங்கே சுவரே மரச்சட்டம்தான். ஓக் தூண்களும் விட்டங்களும் கோத்து ஒரு கூடு நிற்கும். இடைவெளியில் மிலாறு பின்னி, மண்ணும் சாணியும் வைக்கோலும் குழைத்து அப்புவார்கள். நம் பக்கம் பெரிய வீடுகளில் சுவர் கல்லோ செங்கல்லோதான், கூரைதான் மரம். ஆனால் எங்கள் பகுதியில் அறைப்புரை என்று ஒரு வகை வீடு உண்டு. நெல்லும் பண்டமும் வைக்கும் அறையைச் சுற்றி எழுந்த வீடு. அதில் சுவரும் பலகைதான். பலகையைக் காடியில் செருகிச் செருகி நிறுத்தும் அந்தச் சுவருக்கு நிரை என்று பெயர். பத்மநாபபுரம் அரண்மனையைப் பெரிதாகிப்போன அறைப்புரை என்று நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

கூரைக்கு வருவோம். சுவரின் தலையில் படுத்திருப்பது உத்தரம். அதன் மேல் காலூன்றி உச்சியை நோக்கி ஏறுவது கழுக்கோல். ஏறக்குறைய 45 பாகைச் சரிவு. கழுக்கோல்களின் இடுப்பில் துளை போட்டு ஒரு சட்டத்தை ஊடாகச் செருகுவார்கள், அது வளை. ஒரு கழுக்கோல் விலக நினைத்தாலும் வளை விடாது. இரும்பு ஆணி இல்லை, மரஆணிதான். இரும்பு ஈரத்தில் துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். மரத்தோடு மரம் சேர்ந்தால் இரண்டும் ஈரத்தில் பெருத்து, வெயிலில் இளைத்து, ஒன்றாகவே அசையும்.

கூரையின் இரண்டு ஓரத்திலும் முக்கோணமாக முகப்பு. அழிபோட்ட முகப்பு. பார்க்க அலங்காரம், வேலை என்னவோ புகைபோக்கி மாதிரி. சூடான காற்று மேலே ஏறி அது வழியாக வெளியே போய்விடும். தூணுக்கு அடியில் கல் வைப்பார்கள், ஈரம் மேலே ஏறாமலிருக்க. இறவாரத்தைக் கீழே வரை இறக்குவார்கள், சாரல் சுவரில் படாமலிருக்க. மரத்தைக் காப்பாற்றுவது என்பது மரத்துக்குக் காற்றைக் கொடுத்துத் தண்ணீரைக் கொடுக்காமலிருப்பது. மொத்தத் தச்சு சாஸ்திரத்தையும் இந்த ஒரு வரியில் சொன்னால் ஆசாரிமார் என்னை அடிக்க வருவார்கள். ஆனால் கூரைக்கு அதுதான் சாரம்.

அளவு எல்லாம் கோலில். ஒரு கோல் என்றால் 24 விரல், இன்றைய கணக்கில் 72 சென்டிமீட்டர். வீட்டின் சுற்றளவைக் கோலில் எடுத்து, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுப்பார்கள். மீதி ஒற்றைப்படை வந்தால் நல்லது. இரட்டைப்படை வந்தால் சுற்றளவை மாற்ற வேண்டும். 15ஆம் நூற்றாண்டின் தந்திர சமுச்சயமும் 16ஆம் நூற்றாண்டின் மனுஷ்யாலய சந்திரிகையும் இந்தக் கணக்குகளை எழுதிவைத்த நூல்கள். மரத்தைத் தரையிலேயே அறுத்து, இழைத்து, ஒத்துப் பார்த்து, அடையாளம் போட்டு, பிறகு மேலே ஏற்றிக் கோப்பார்கள். ஒவ்வொரு கழுக்கோலுக்கும் ஒரே ஒரு இடம்தான். மாற்றிப் போட்டால் உட்காராது.

இக்தம் மோட்டில் அன்றைக்கு ஒரு தூணைக் காட்டி, அங்கிருந்த வயதான தன்னார்வலர் என் மகளிடம், "பழைய தச்சர்கள் எந்தச் சட்டம் எங்கே என்று மறக்காமலிருக்க ரோமன் எண்களை உளியால் கீறிவைப்பார்கள்" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் நிற்பதுபோலவே இருந்தது.

ஒரு கோடி பவுண்டு

இக்தம் மோட் 14ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தொடங்கிய வீடு. சுற்றிலும் அகழி. நடுவில் முற்றம். முற்றத்தில் இறங்கியதும் என் மனைவி சொன்னாள், "இது நாலுகெட்டுல்லா?". கிட்டத்தட்ட அப்படித்தான். (முற்றத்தில் ஒரு நாய்க்கூண்டு இருக்கிறது. அதற்கும் இங்கிலாந்தின் முதல்தரப் பாரம்பரியச் சின்ன அந்தஸ்து உண்டு. நம்மூரில் மனுஷன் வீட்டுக்கே கிடையாது.)

இந்த வீடும் ஒரு கட்டத்தில் பழைய மரத்துக்கும் கல்லுக்குமாகப் போக வேண்டியதுதான். 1950களின் தொடக்கத்தில் விலைக்கு வந்தபோது உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வாங்கிக் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். பிறகு 1953ல் சார்லஸ் ஹென்றி ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். ஊர் திரும்பும் கப்பலில் அவருக்குப் பயம் வந்து, வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டாராம். அதை ஒட்டி அனுப்பத் தபால்தலை கிடைக்காததால் அனுப்பவே இல்லையாம். அப்படி ஒரு கதை சொல்கிறார்கள். 1985ல் அவர் இறந்தபோது வீடு நேஷனல் டிரஸ்ட்டுக்குப் போனது.

1989ல் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். 2004ல்தான் முடிந்தது. ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவு. பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு சட்டத்தையும் வரைந்து, குறித்து, உளுத்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதே வகை மரத்தில் ஒட்டுப்போட்டு, மறுபடி கோத்தார்கள். மர வளையங்களை எண்ணி எந்தச் சட்டம் எந்தக் காலத்து மரம் என்று கணக்கிட்டார்கள். (நம் கேரளத்துத் தேக்கிலும் இப்படி வளையம் எண்ண முடியும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் அதை வைத்துப் பழைய மழைக்கணக்கே எடுத்திருக்கிறார்கள்.)

இந்த நாட்டில் இப்படிப் பழுதுபார்ப்பதற்குப் பின்னால் ஒரு சண்டையின் வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பழைய தேவாலயங்களை "சீரமைக்கிறோம்" என்று சுரண்டித் தள்ளிப் புதிதாக்கினார்கள். அதைப் பொறுக்காமல் வில்லியம் மாரிஸ் 1877ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் கட்சி இதுதான்: அன்றாடம் பழுதுபார், கூரையை ஒழுகவிடாதே. ஆனால் பழையதுபோலப் புதிதாகச் செய்து பொய் சொல்லாதே.

அதற்கு நேர் எதிர்க் கட்சி ஜப்பானில் இருக்கிறது. இசே கோவிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் முழுக்கப் புதிய மரத்தில் கட்டுகிறார்கள். இடையில் போர்க்காலங்களில் தடைபட்டதுண்டு. கடைசியாக 2013ல் கட்டினார்கள். மரம் புதிது, வேலை பழையது. அப்படியானால் அந்தக் கோவில் பழையதா, புதியதா? 1994ல் நாரா நகரத்தில் கூடிய நிபுணர்கள், எது அசல் என்பதை எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது, அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். பழைய புரோகிராமை ஒட்டுப்போட்டு ஓட்டுவதா, திருப்பி எழுதுவதா என்று என் ஆபீசில் நடக்கும் சண்டைதான். அங்கேயும் யாரும் ஜெயித்ததில்லை.

சிமெண்ட் செய்த வேலை

இனி வருவது வெட்கக்கேடான பகுதி.

இக்தம் மோட்டில் அந்தத் தன்னார்வலரிடம் கேட்டேன், ஓக் மரம் எதனால் அதிகம் கெடுகிறது என்று. மரணக்காவல் வண்டு என்று ஒன்றைச் சொன்னார். மரத்துக்குள் இருந்து தலையால் தட்டும் வண்டு. இராத்திரி நோயாளியின் அருகில் கண்விழித்து இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்குமாம், அதனால் அந்தப் பெயர். "ஆனால் வண்டு ஈரம் இருக்கும் மரத்துக்குத்தான் வரும். ஈரம் எப்படி வந்தது என்று பாருங்கள். பாதி வீடுகளில் அது போன நூற்றாண்டில் பூசிய சிமெண்ட்" என்றார்.

சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே விட்டாலும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அப்படியில்லை. மயிரிழை வெடிப்பில் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வர வழியில்லை. மரத்தைச் சிமெண்டில் பதித்தால் அதை ஈரத்துணியில் சுற்றிவைத்த மாதிரி. வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும். உள்ளே கூழ்.

அவர் சொல்லிக்கொண்டே போகிறார், எனக்குக் காது அடைத்துவிட்டது. 1998ல் எங்கள் வீட்டுத் தெற்குச் சுவர்மேல், கழுக்கோல் கால்களுக்கு இடையில் அணிலும் எலியும் புகுந்து அட்டகாசம் செய்தன. அப்பா, ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகை அடிக்கலாம் என்றார். டெக்னோபார்க்கில் முதல் சம்பள உயர்வு வாங்கியிருந்த என்ஜினியர் மகன் என்ன செய்தான்? "அதெல்லாம் பழைய காலம்ப்பா" என்று ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து கழுக்கோல் கால்களைச் சுற்றி நன்றாகச் சிமெண்ட் வைத்துப் பூசி அடைத்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் மட்டும் பெருமையாக நின்றேன்.

இப்போது தொங்கியிருப்பது அந்தப் பக்கம்தான்.

ஓட்டுக்கூரையின் விலை

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அரண்மனைகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விட்டுவிடுவது.

குதிரை மாளிகை எழுந்த காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்தது. 1855ல்தான் அது ஒழிந்தது. கூலியில்லாத ஊழியமும் இருந்தது. நாடார் உள்ளிட்ட சாதியார் மாடி வைத்து வீடு கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. பெண்கள் மேலாடை போடுவதற்கே பல வருஷம் போராடி 1859ல்தான் அரசு அறிவிப்பு வந்தது. கோவில் நுழைவு 1936 நவம்பரில். அந்த மரத்தைக் காட்டிலிருந்து இழுத்தது யார், கல்லைச் சுமந்தது யார் என்று எந்த அறையிலும் எழுதிவைக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஓடு போட அந்தக் காலத்தில் விடமாட்டார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு உத்தரத்தில் 1105 என்று உளியால் வெட்டியிருக்கிறது. கொல்லம் ஆண்டு. அதாவது 1929-30. அப்பாவின் தாத்தா கருப்பட்டி வியாபாரத்தில் சேர்த்த காசில், அயனியும் பலாவும் முற்றிய பனைத்தடியும் வாங்கி, அரண்மனைக்கு வேலை செய்த பரம்பரையில் வந்த ஒரு ஆசாரியைக் கொண்டு கட்டிய வீடு. சின்ன வீடுதான். ஆனால் அதே உத்தரம், அதே வளை, அதே முகப்பு. ராஜா வீட்டுக் கணக்கு ஒரு பனையேறியின் பேரனுக்குக் கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று.

அரண்மனையைப் பார்த்துக்கொள்ள அரசு இருக்கிறது. இந்த மாதிரி வீடுகளை யார் பார்ப்பது? கோத்த வீடு என்பதால்தான் இக்தம் மோட்டைப் பிரித்து மறுபடி கோக்க முடிந்தது. அதே காரணத்தால்தான் நம்மூர் வீட்டை ஒரே நாளில் பிரித்து லாரியில் ஏற்றிவிடவும் முடிகிறது. கதவு ஒரு ஓட்டலுக்கு, தூண் ஒரு ரிசார்ட்டுக்கு, மச்சு யாரோ ஒருவரின் வரவேற்பறைக்கு. நல்லபடியாகப் பிரித்து வேறிடத்தில் அதே முறையில் கோத்ததும் உண்டு. சென்னை முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தட்சிணசித்திராவில் கேரளத்து வீடுகள் அப்படித்தான் நிற்கின்றன. அந்த வளாகத்துக்கு யோசனை சொன்னவர்களில் திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்து 2007ல் மறைந்த லாரி பேக்கரும் ஒருவர். ஆனால் எத்தனை வீட்டுக்கு அந்த யோகம் கிடைக்கும்?

ஆசாரி சொன்னது

ஒரு வாரம் கழித்து அக்காவிடம் சொன்னேன், மர வியாபாரிக்குப் பதில் சொல்லுமுன் ஒரு ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்று. தேடிப் பிடித்தாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேரன் வீடியோவில் எனக்குக் காட்ட, அவர் ஏணியில் ஏறிக் கழுக்கோலை ஒவ்வொன்றாகக் கொட்டாப்புளியால் தட்டிப் பார்த்தார். நல்ல மரம் கணீரென்றது. கெட்டது பொத்தென்றது. இங்கிருந்தே கேட்டது.

இறங்கிவந்து சொன்னார். "தலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலுதான் போச்சு. ஒம்பது கழுக்கோலு. சிமிட்டி வச்சவன் எவன்னு தெரியல்ல, அவன் கையை ஒடிக்கணும்."

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் உண்மையைச் சொன்னேன். ஆசாரி கொஞ்ச நேரம் போனையே பார்த்தார். "படிச்ச பிள்ளையளுக்கு அப்பிடித்தான் தோணும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒன்பது கழுக்கோலுக்கும் காலை மட்டும் அறுத்து, முற்றிய அயனியில் ஒட்டுப்போட்டு மரஆணி அடித்து, பழையபடி சுண்ணாம்புக் காரை வைத்துவிடலாம், ஓட்டை இறக்கி ஏற்றும் கூலியும் சேர்த்து என்று ஒரு தொகை சொன்னார். நாங்கள் நான்கு பேர் ஊருக்குப் போய்வரும் விமானக் கட்டணத்தைவிடக் குறைவு. அண்ணனிடம் பேசினேன். "கூரையைப் போடு, ஆனா வீட்டை என்ன செய்யன்னு பங்கு பிரிக்கும்போ பேசணும்" என்றான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. மகள் கல்யாணம் வைத்திருக்கிறான். மர வியாபாரியின் நம்பரை அக்கா இன்னும் அழிக்கவில்லை, எனக்குத் தெரியும்.

சித்திரையில் வேலை தொடங்கி, இடவப்பாதிக்கு நான்கு நாள் முன்னால் முடிந்தது. மழையில் கூரை ஒழுகவில்லை என்று அக்கா படம் அனுப்பினாள். பழைய கருத்த மரத்தின் காலில் வெள்ளையாகப் புது மரம். ஒட்டு நன்றாகத் தெரிகிறது. சாயம் பூசவா என்று கேட்டாள். வேண்டாம், தெரியட்டும் என்றேன். வில்லியம் மாரிஸுக்காக மட்டுமில்லை.

நீங்கள் திருவனந்தபுரம் போனால், கோவிலில் கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் குதிரை மாளிகைக்கும் போங்கள். நேரம் இருந்தால் தக்கலைக்கும் ஒரு பஸ் ஏறுங்கள் (திங்கட்கிழமை அரண்மனை கிடையாது). சிம்மாசனத்தைப் பார்த்த பிறகு கொஞ்சம் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். உங்கள் ஊரிலும் அந்த மாதிரிக் கூரை ஒன்று இன்னும் மிச்சமிருந்தால், கழுக்கோல் காலை மட்டும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.